பெரியப்பாவிடம் சொன்ன பொய்

கயல் கண்ணு,

நேற்று நீ வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னதும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் இல்லை, என்ன சொல்வதென்று தெரியவில்லை. ராத்திரி முழுக்க ஃபார்முலா 1 கார் ரேஸ் டிரைவர் நிக்கி லாவ்டா ஞாபகம்தான்.

சின்ன வயதில் உனக்கு அவருடைய விபத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். 1976 ஆகஸ்ட் 1, ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் ரேஸ் தடம், எரிகிற ஃபெராரிக்குள்ளிருந்து சக டிரைவர்கள் நாலு பேர் அவரை வெளியே இழுத்துப் போட்டது, பாதிரியார் வந்து கடைசி ஜெபமே செய்துவிட்டுப் போனது. ஆறே வாரத்தில் இத்தாலியின் மோன்சாவில் ரேஸ் ஓட்டி நாலாவதாக வந்தார். ஹெல்மெட்டுக்குள் போடும் முகத்துணி ஆறாத புண்ணின் ரத்தத்தில் ஒட்டிக்கொள்ள, பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தைரியம் என்றால் இது என்று சொல்லியே வளர்த்தேன். அடுத்து நடந்ததைச் சொல்லவில்லை, அது என் தப்பு.

அந்த வருஷத்தின் கடைசி ரேஸ் ஜப்பானில், ஃபுஜியில். உலகப் பட்டத்துக்கான போட்டியில் ஜேம்ஸ் ஹன்ட் என்கிற டிரைவரைவிட 3 புள்ளி முன்னால் இருந்தார் லாவ்டா. கொட்டுகிற மழையில் முன்னால் போகிற கார் தெரியவில்லை, வெந்துபோன இமைகளால் சரியாகக் கண் சிமிட்டவும் முடியவில்லை. இரண்டே சுற்றில் காரை உள்ளே கொண்டுவந்து இறங்கிவிட்டார். எஞ்சின் பழுது என்று சொல்லிவிடலாம் என்றார் ஃபெராரி அணியின் எஞ்சினியர் ஃபோர்கியேரி. லாவ்டா ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்தியது தான்தான் என்றே சொன்னார். ஒரே ஒரு புள்ளியில் பட்டம் ஹன்ட்டுக்குப் போயிற்று.

மறு வருஷமே பட்டம் வாங்கினார். 1979ல் கனடாவில் பயிற்சி ஓட்டத்தோடு போதும் என்று போய்விட்டு, விமானக் கம்பெனி நடத்தி, 1982ல் திரும்பி வந்து, 1984ல் சக அணி டிரைவர் ப்ரோஸ்டை அரைப் புள்ளியில் முந்தி மூன்றாவது பட்டம். நீயும் திரும்பிப் போ என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு அந்த ஃபுஜி மழைதான் பெரிது.

இன்று காலை பெரியப்பா போன் பண்ணினார். கயலுக்கு உடம்பு சரியில்லை, லீவில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். சட்டென்று வாயில் வந்துவிட்டது. எஞ்சின் பழுது என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிட்டது, நீ எங்களிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்ன பிறகு.

சாயங்காலம் அவரைக் கூப்பிட்டு, அவளே யோசித்துத்தான் விட்டாள் என்று சொல்லலாமென்று இருக்கிறேன். சரி என்றால் ஒரு மெசேஜ் போடு. நீயே சொல்லிக்கொள்கிறேன் என்றாலும் சரிதான்.

அப்பா