முன்கூடமும் பின்கட்டும்: நூலகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நம் மன்றத்து நூலகக் குழுவினருக்கு,

வணக்கம். வரலாற்று நாவல்கள் முன்கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இருக்கும், ‘சமூக நாவல்’ என முத்திரையிட்டவை பின்கட்டுக்குப் போகும், அவற்றுள் மூன்றாண்டுகளாக எவரும் எடுக்காதவை கபாடிக்காரரிடம் (பழைய தாள் வாங்குபவரிடம்) எடைக்குப் போடப்படும் என்று அறிவிப்புப் பலகையில் கண்டேன். தில்லி மயூர் விகாருக்குக் குடிவந்த நாள்முதல் இங்கு நாவல் எடுத்துப் படித்துவருபவன் என்ற முறையில், இந்தப் பிரிவினையே பிழை என்று கருதுகிறேன்.

வரலாற்று நாவல் மீது எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் ‘பொன்னியின் செல்வன்’ முதல் அத்தியாயத்தை, யமுனை வற்றி நாறும் மே மாதத்தில் படித்து மனம் குளிர்ந்தவன்தான் நானும். 1950 முதல் 1954 வரை வார இதழில் வந்த தொடர் என்பதால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு முடிச்சு விழும்; நம் வீட்டுப் பிள்ளைகளை இன்றும் இழுப்பது அதுவே. (நம் பிரதிகளில் மூன்றாம் பாகமான ‘கொலை வாள்’ காணாமற்போய் நெடுநாளாகிறது. வைத்திருப்பவரிடம் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வதாக அறிவித்தால் திரும்பி வரக்கூடும்.)

ஆனால் பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’ எப்படிப் பின்கட்டுப் பட்டியலில் சேர்ந்தது? பிரெஞ்சு ஆட்சியாளரிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்டு 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியைச் சொல்லும் நாவல் அது. முடிசூடிய மன்னர் கதாநாயகராக இல்லாததால் அது வரலாறு ஆகாதென்று முடிவுசெய்தீர்களோ என்னவோ.

‘குருதிப்புனல்’ நிலை இன்னும் சிக்கலானது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையைப் பின்னணியாகக் கொண்டு, தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி எழுதியது. 1977ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நிலக்கிழாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாக்கியதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. கூலிக்கான போராட்டத்தின் கனம் அதனால் குறைந்துவிடுகிறது. ஆயினும் வெளிவந்தபோது சமகாலமாக இருந்த அந்நாவல், அதற்குப் பின் பிறந்த என் மகளுக்கு வரலாறாகவே வந்து சேர்ந்தது. அவள் அதை எந்த அறையில் தேடுவாள்?

ஆதவனின் ‘காகித மலர்கள்’ தில்லியில் உயரதிகாரி ஒருவரின் குடும்பத்தைப் பற்றியது. வீட்டுக்குள்ளேயே ஆளுக்கொரு வேடம் தரித்துப் பழகிவிட்ட மனிதர்களை அது காட்டுகிறது. சோழர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. இத்தலைநகருக்கு வேலைதேடி வந்த தமிழர் தமக்குள் எப்படிப் பேசினர், எதற்கு வெட்கப்பட்டனர் என்பதற்கு இத்தகைய நாவல்களை விட்டால் நமக்கு வேறு எது இருக்கிறது? நம் பிரதியின் கடைசிப் பக்கத்துச் சீட்டில் இரண்டே முத்திரைகள்: 2009, 2016. இரண்டும் என் பெயரில் விழுந்தவை. உங்கள் விதிப்படி அது எடைக்குப் போக வேண்டிய நூல். ஆகவே சென்ற ஞாயிறன்று மூன்றாம் முறையாக அதை எடுத்து வந்துவிட்டேன்.

எல்லா நாவல்களையும் ஆசிரியர் பெயர் வரிசையில் ஒரே இடத்தில் வைக்க வேண்டுகிறேன். இடம் போதாதெனில், கூடுதலாக இரு பலகைகள் அடிக்கும் தச்சுக்கூலியை நானும் நண்பர்கள் நால்வரும் ஏற்கிறோம். பொதுக்குழு கூடி முடிவெடுக்கும்வரை ‘காகித மலர்கள்’ என்னிடமே இருக்கும். தாமதக் கட்டணத்தை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மயூர் விகார் உறுப்பினன் ஒருவன்