கொடியைப் பார்த்து வாங்கு

நங்கநல்லூர்,
பங்குனி 12

அன்புள்ள சுந்தரி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் பேத்தி விழித்துக்கொள்கிறாள். இப்போது அவளைத் தூளியில் போட்டு ஒரு கையால் ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் பழியை அவள்மேல் போடு.

உன் மகளுக்கு ஆனிக் கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. வளைகாப்புக்குக் கட்டாயம் வருகிறேன். தென்காசி வரை உட்கார்ந்து வர முட்டி ஒத்துழைத்தால் சரி. இவர் ஓய்வுபெற்ற பிறகு தினமும் நடைப்பயிற்சிக்குக் கிளம்புகிறார். டீக்கடையோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

துணி டயாப்பரைப் பற்றிக் கேட்டிருந்தாய். மகள் கைப்பேசியில் காட்டியதெல்லாம் யானைப் படம் போட்ட ஜட்டி போலத்தான் இருக்கிறது, இதில் எதைப் பார்த்து வாங்குவது என்று. ஐந்து மாதமாக அதைத் துவைத்துக் காயப்போடுகிறவள் சொல்கிறேன்: யானையைப் பார்க்காதே, உன் வீட்டுக் கொடியைப் பார். எது அந்தக் கொடியில் காயுமோ அதை வாங்கு.

இவள் பிறந்தது ஐப்பசியில். சென்னையின் ஐப்பசியை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை ஆர்வக்கோளாறில் ஒரே வகையில் பன்னிரண்டு வாங்கிவந்துவிட்டார். உறிஞ்சும் துணியையும் வெளி உறையையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த வகை அது; 'ஆல் இன் ஒன்' என்கிறார்கள். கட்டிவிடுவது சுலபம்தான். ஆனால் ஐந்தாறு அடுக்குத் துணி, அதன்மேல் தண்ணீர் புகாத உறை, இரண்டையும் பிரிக்க வழியில்லை என்றால் அந்த மழையில் எப்படிக் காயும்? மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும். நடுவில் அழுத்தினால் மூன்றாம் நாளும் ஈரம், கூடவே ஒரு புளித்த வாடை. விடுதியில் நீ ஈரப் பாவாடையை மின்விசிறியில் கட்டிச் சுற்றவிட்டு, வார்டனிடம் நான் திட்டு வாங்கினேனே, அதே கூத்தை நாற்பது வருடம் கழித்து இந்த வீட்டுக் கூடத்தில் நடத்தினேன்.

பிரசவம் ஆனியில் என்றால் குழந்தை வளர்வது உங்கள் ஊர்ச் சாரலில். காற்று இருக்கும், வெயில் இருக்காது. அதனால் அந்த ஒட்டுத்தையல் வகையைத் தொடவே தொடாதே. 'பாக்கெட்' வகையில் உறைக்குள் ஒரு பை இருக்கும், உறிஞ்சும் பட்டையை அதற்குள் செருகி எடுக்கலாம், தனித்தனியாகக் காயும். எனக்குப் பிடித்தது அதையும்விட எளிது. வெறும் உறையை மட்டும் வாங்கி, உள்ளே நாமே துணியை மடித்து வைத்துக்கொள்வது. சிறுநீர் மட்டும்தான் என்றால் உள்துணியை மாற்றிவிட்டு, உறையை ஈரத்துணியால் துடைத்து ஆறவிட்டு இன்னொரு முறை போடலாம். மலம் பட்டால் துவைக்க வேண்டியதுதான்.

உறை ஒன்றும் புதிய சங்கதி அல்ல. 1946இல் அமெரிக்காவில் மரியன் டோனவன் என்ற தாய் குளியலறைத் திரையை வெட்டித் தைத்து ஆரம்பித்தாள். நம் பிள்ளைகளுக்குப் போட்ட பிளாஸ்டிக் ஜட்டியை நினைத்துப் பார். தொடையெல்லாம் வெந்து சிவந்துபோகும். இப்போதைய உறை பாலியெஸ்டர் துணியின் உட்புறம் மெல்லிய பாலியூரித்தேன் படலத்தை ஒட்டியது. தொட்டால் துணி போலவே இருக்கிறது. வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் மட்டும் படலம் கெட்டுவிடும். உன் பழக்கத்தில் சோடா உப்புப் போட்டு அவித்துவிடாதே. உறையை நிழலில் உலர்த்து.

உள்ளே வைப்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கடையில் உறையோடு பெரும்பாலும் மைக்ரோபைபர் என்ற செயற்கை நுண்ணிழைப் பட்டை தருகிறார்கள். சீக்கிரம் உறிஞ்சும், சீக்கிரம் காயும். ஆனால் அது ஸ்பாஞ்சு மாதிரி. அழுத்தினால் குடித்ததை அப்படியே கக்கிவிடும். தூளியில் குழந்தையின் எடை முழுவதும் இடுப்பில்தானே இறங்குகிறது? பகலில் பாயில் கிடக்கும்போது ஒழுகாத பட்டை, தூளியில் போட்ட அரை மணியில் சேலையை நனைத்துக் கீழே சொட்டியது. அந்தப் பட்டை தோலில் நேராகப் படவும் கூடாது, ஈரப்பதத்தை இழுத்துத் தோலை வறட்டிவிடும்.

கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? இவருடைய பழைய எட்டு முழ வேட்டியைப் பன்னிரண்டு சதுரமாகக் கிழித்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சதுரத்தை நீளவாக்கில் மடித்து, முன்பக்கம் ஒரு மடிப்புக் கூடுதலாக விட்டு உறைக்குள் வைத்தேன். தூளியில் ஒரு சொட்டு இறங்கவில்லை. துவைத்து உதறி விரித்துப் போட்டால் அது வெறும் ஒற்றை அடுக்கு. மழை நாளிலும் மின்விசிறியடியில் மாலைக்குள் காய்ந்தது. பன்னிரண்டு டயாப்பர் வாங்கிய மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் காப்பி குடிக்கப் போய்விட்டார். இரவுக்கு மட்டும் வேட்டித் துணி போதாது; பருத்தியிலோ மூங்கில் நாரிலோ செய்த தடிமனான பட்டை இரண்டு மூன்று வாங்கிக்கொள்.

அந்தப் பட்டைகளில் ஒரு சிக்கல் உண்டு. புதிதாக வந்த பருத்தியில் இயற்கையான எண்ணெய்ப் பசை இருக்கும். நான்கைந்து முறை துவைத்த பிறகுதான் முழுதாக உறிஞ்சும். ஆகவே குழந்தை வருமுன்பே வாங்க வேண்டும். ஆனால் பிறக்கும் முன் எதுவும் வாங்கக் கூடாது என்று உன் சம்பந்தியம்மா நிற்பார்கள், இல்லையா? என் சம்பந்தியும் நின்றார்கள். கைக்குட்டை வாங்கியிருக்கிறேன் என்று சொல்லித் துவைத்துக் காயப்போட்டேன். அவ்வளவு பெரிய மூக்கு யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை.

இன்னொன்று, எண்ணெய்க் குளியல். தேங்காயெண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, அந்த உடம்போடு டயாப்பரைக் கட்டினோம். இரண்டு வாரத்தில் துணியின்மேல் தண்ணீர் தாமரையிலையில் நிற்பது போல முத்து முத்தாக நின்று உருண்டது. முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டாமா! உள்துணிகளை மட்டும் வெந்நீரில் சலவைத்தூள் போட்டு இரண்டு மூன்று முறை அலசிய பிறகுதான் சரியாயிற்று. வாசனைக்காகத் துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றினாலும் இதே கதிதான். புண்ணுக்குக் களிம்பு தடவினால் நடுவில் ஒரு மல்துணித் துண்டை வைத்துவிடு.

முதல் நாற்பது நாள் நம் லங்கோடே போதும். எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று விற்பது மூன்று கிலோக் குழந்தையின் காலில் தொளதொளவென்று தொங்கும், தொப்புளையும் உரசும். பிறகு போடும்போது உறையின் எலாஸ்டிக் தொடைமேல் நிற்காமல் கவட்டை மடிப்பில் உட்கார வேண்டும். வயிற்றருகே இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோவில் நூலும் முடியும் சிக்கிக்கொள்கின்றன. டிச் பட்டன் வைத்ததையே எடு. முதலில் இரண்டு வகையில் ஒவ்வொன்று வாங்கிப் பார். பிறகு ஏழெட்டு உறையும் இரண்டு டஜன் உள்துணியும் இருந்தால் சமாளிக்கலாம்.

கடையில் விற்கும், தூக்கியெறியும் டயாப்பரை நாங்கள் ஒதுக்கவில்லை. வெளியூர்ப் பயணத்துக்கு அதுதான். அதற்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் ஈரத்தைக் கூழாக்கிப் பிடித்துக்கொள்கிறது. துணியில் அது கிடையாது. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். உன் மகள் அலுவலகம் திரும்பிய பிறகு அது யார் தலையில் விழும் என்று இப்போதே பேசிக்கொள்.

பூமிக்கு நல்லது என்றுதான் என் மகள் இதில் இறங்கினாள். அவளே காட்டிய கணக்கு: இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வருடத்துக்குத் தூக்கியெறியும் வகையால் சுமார் 550 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான மாசு, துணி வகையால் சுமார் 570. அதிகமே! ஆனால் இயந்திரம் நிறையத் துவைத்து, வெளிக்கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதையே பயன்படுத்தினால் சுமார் 40 சதவீதம் குறைகிறதாம். அங்கேயும் கடைசியில் கொடிதான் பேசுகிறது, பார்.

வளைகாப்புக்கு வரும்போது உனக்காக நான்கு வேட்டி கொண்டுவருகிறேன். நன்றாக நைந்த மல்வேட்டிகள், பஞ்சு மாதிரி இருக்கின்றன. சலவைக்குப் போட்டது திரும்பி வரவில்லை என்று இவர் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சலவைக்காரரிடம் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார். தொலைபேசியில் கூப்பிட்டால் நீயாக எதையும் உளறிவைக்காதே.

அன்புடன்,
கோமதி