சிக்னல் போன பிறகும் ஓடிய மோட்டார்: உங்கள் ஆர்சி ட்ரெய்னர் விமானம் பற்றிய புகார்

குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். பில், போட்டோ, வீடியோ எல்லாம் இந்த மின்னஞ்சலோடு இணைத்திருக்கிறேன். உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு ஏற்கெனவே எழுதியாயிற்று. "க்ராஷ் ஆனால் அது ஓட்டியவரின் தவறு, வாரன்டியில் வராது" என்று பதில் வந்தது. வந்த வேகத்தைப் பார்த்தால் நான் அனுப்பியதை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள், அதனால்தான் நேராக உங்களுக்கு எழுதுகிறேன்.

விமானம் விழுந்ததற்காக நான் சண்டைக்கு வரவில்லை. ஆர்சி விமானம், அதாவது தரையில் நின்று ரேடியோவால் ஓட்டும் சின்ன விமானம், ஓட்டுகிற எல்லோருக்கும் விழும், ஃபோமை ஒட்டிவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கிளம்புவோம். ஆனால் 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு ஏற்றது என்று பெட்டி மேலேயே அச்சடித்து விற்கிற ஒரு விமானம், ரேடியோ தொடர்பு அறுந்த பிறகு முக்கால் த்ராட்டிலில் (மோட்டாரின் முக்கால் வேகத்தில்) தன் இஷ்டத்துக்குப் போகிறதென்றால் அதற்கு யார் பொறுப்பு?

பறக்கவிட்ட இடம் திருப்போரூர் தாண்டி ஒரு காய்ந்த ஏரி. நான் இருப்பது வேளச்சேரி, மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம், அனுமதி இல்லாமல் எதையும் மேலே ஏற்றக் கூடாது. உங்கள் பெட்டியிலோ ஒரு சின்னப் பையன் அபார்ட்மென்ட் பூங்காவில் நின்று பறக்கவிடுகிற மாதிரி படம். அந்தப் படத்தை நம்பிச் சென்னைக்குள் எத்தனை பேர் பூங்காவுக்குக் கிளம்பியிருப்பார்களோ, தெரியவில்லை.

காலை நேரம், கடல்காற்று இன்னும் எழவில்லை. கிளம்புவதற்கு முன் ரேடியோ எட்டும் தூரத்தைப் பார்க்கிற ரேஞ்ச் டெஸ்ட்டைத் தரையில் செய்தோம், சரியாக இருந்தது. மேலே போய்ச் சில சுற்று சுற்றிய பிறகு, என்னைவிட்டு விலகிப் போகும்போது சுமார் 150 மீட்டர் தொலைவில் விமானம் சொன்னபடி கேட்பதை நிறுத்திவிட்டது. ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்றும் நடக்கவில்லை, த்ராட்டிலை முழுக்கக் கீழே இழுத்தும் மோட்டார் சத்தம் குறையவே இல்லை. அப்படியே நேராகப் போய், மெல்ல இடது பக்கம் சாய்ந்து, ஏரிக்கரையைத் தாண்டி, அந்தப் பக்கம் ஆடு மேய்ந்துகொண்டிருந்த இடத்தில் மூக்கு குத்தி விழுந்தது. கரைமேல் உட்கார்ந்திருந்த பெரியவருக்குச் சில அடிதான் தள்ளி. விழுந்த பிறகும் ப்ரொப்பெல்லரின் உடைந்த துண்டோடு மோட்டார் கத்திக்கொண்டே கிடந்தது, "என்னப்பா, அதை நிறுத்தவே மாட்டீங்களா" என்று அவர் கத்துகிறார், நாங்கள் கையிலிருக்கும் கன்ட்ரோலர் ரேடியோவோடு ஓடுகிறோம். கிட்டே போனபோது சிக்னல் மறுபடி கிடைத்து, அப்புறம்தான் நின்றது.

அது 10 அங்குல ப்ரொப்பெல்லர். நிமிடத்துக்கு 9,000 சுற்று என்று வைத்தால் அதன் நுனி மணிக்கு 430 கிலோமீட்டர் வேகத்தில் போகும், கணக்குப் போட்டுப் பாருங்கள். விரலில் பட்டால் விரல் இருக்காது.

அன்று சாயங்காலமே, பல வருடமாக இதில் இருக்கிற அண்ணன் ஒருவரோடு சேர்ந்து மேசைமேல் சோதித்துப் பார்த்தோம். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, விமானத்தைக் கட்டி வைத்து, பழுதில்லாத வேறு பேட்டரி போட்டு, பாதி த்ராட்டில் கொடுத்து ரேடியோவை அணைத்தோம். மோட்டார் நிற்கவில்லை. எத்தனை முறை செய்தாலும் அதே கதை, எல்லாம் வீடியோவில் இருக்கிறது. சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்துவதுதான் ஃபெயில்சேஃப் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டின் முதல் வேலை. விமானத்துக்குள் சிக்னலை வாங்குகிற உங்கள் ரிசீவரோ கடைசியாக என்ன கட்டளை வந்ததோ அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் அந்த ரிசீவரைச் செய்தவர்களின் கையேட்டில், பைண்ட் செய்யும்போது (ரிசீவரை ரேடியோவோடு இணைக்கும்போது) த்ராட்டிலைக் கீழே வைத்து ஃபெயில்சேஃபைப் பதிவு செய்ய வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது, இணையத்தில் தேடி எடுத்தோம். நீங்கள் தொழிற்சாலையிலேயே பைண்ட் செய்து 'ரெடி டு ஃப்ளை' என்று விற்கிறீர்கள், அந்தக் கையேடு பெட்டியில் இல்லை, உங்கள் சொந்தக் கையேட்டில் ஃபெயில்சேஃப் என்ற சொல்லே கிடையாது. வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

சிக்னல் ஏன் போனது என்பதற்கும் காரணம் உள்ளேயே இருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் ஆன்டெனாவில் உண்மையில் வேலை செய்வது கடைசி 31 மில்லிமீட்டர் கம்பிதான். அப்படி இரண்டு முனை இருக்கும், ஒன்றுக்கொன்று செங்குத்தாக, உலோகம், கார்பன், பேட்டரி எதுவும் மறைக்காமல் வைக்க வேண்டும். உடைந்த உடலைப் பிரித்துப் பார்த்தால், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கார்பன் குழாயோடு டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், ஏதோ மிச்சமான ஒயரைச் சுருட்டி ஒதுக்கியது மாதிரி. கார்பன் இந்த அலையை மறைக்கும். தரையில் விமானம் ஒரே பக்கமாக நிற்கும்போது டெஸ்ட் பாஸ் ஆகிவிடுகிறது, மேலே அது திரும்பி, குழாய் நடுவில் வந்ததும் தொடர்பு அறுகிறது. டேப்பைப் பிரிப்பதற்கு முன் எடுத்த போட்டோ இணைப்பில் இருக்கிறது. ஃபோம் உடலை நடுவில் ஒட்டி மூடி அனுப்புவது நீங்கள், நான் அங்கே கையே வைத்ததில்லை.

இதில் உங்கள் ஆள் போனில் சொன்னதுதான் உச்சம். "எல்லாவற்றையும் பேட்டரியோடு கூரியரில் அனுப்புங்கள், பரிசோதித்துச் சொல்கிறோம்" என்றார். விழுந்ததில் அந்த 3 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உப்பிப் போயிருக்கிறது, இப்போது மொட்டைமாடியில் மணல் வாளிக்குள் கிடக்கிறது. அடிபட்ட லைப்போ உடனே எரியாது, மணிக்கணக்கு கழித்துக்கூடப் பற்றலாம். சேதமான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றுவதற்கே தடை இருக்கிறது. பேட்டரி விற்கிற நிறுவனத்துக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது!

சரி, எனக்கு வேண்டியது இதுதான். விலை முழுவதும் திரும்ப வேண்டும், வேறு விமானம் வேண்டாம். அதைவிட முக்கியம், இதே மாடலை வாங்கிய எல்லோருக்கும் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ஃபெயில்சேஃபைச் சோதித்துப் பார்க்கச் சொல்லியும், ஆன்டெனாவை எப்படி மாற்றி வைப்பது என்று விளக்கியும் செய்தி அனுப்புங்கள், அது வரைக்கும் விற்பனையை நிறுத்தி வையுங்கள். பூங்காப் படத்தையும் எடுத்துவிடுங்கள்.

2020 மின்வணிக விதிகளின்படி புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணமும் கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் போதுமான பயன்பாட்டுக் குறிப்பும் எச்சரிக்கையும் தராததும் தயாரிப்புப் பொறுப்பில்தான் வருகிறது என்பதை உங்கள் சட்டப் பிரிவு சொல்லும்.

பணத்தை நான் கட்டிய அதே கணக்குக்கு அனுப்பலாம். விமான உடலையும் ரிசீவரையும் உங்கள் ஆள் வேளச்சேரிக்கு வந்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துப் போகட்டும். பேட்டரியை நான் கூரியரில் போட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வேளச்சேரி, சென்னை