பொழுது போகுமுன்னே

பிரியமுள்ள செல்வா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோயிலில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசித்தாயிற்று என்று படித்ததும் வீட்டில் ஒரே சந்தோஷம். மாப்பிள்ளை வீடு மெஞ்ஞானபுரம் என்றால் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள், மற்றதெல்லாம் சொல்வார்கள் என்கிறாள் என் மனைவி. அவள் ஊர் எது என்று உனக்குத் தெரியும், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

இங்கே சுகம். முழங்கால் வலி வந்து போகிறது. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று 2024இல் கணக்கெடுப்பு ஆரம்பித்தார்கள் அல்லவா, அந்தப் பேச்சுதான் டீக்கடையில் காலை முதல் ராத்திரி வரை. பட்டறைக்கு இடம் தருவார்களா, எங்கே தருவார்கள் என்று ஆளுக்கொரு கதை. எனக்கு அலுத்துவிட்டது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். சபை ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் யாக்கோபு 1:22ஐ, வசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள் என்பதை வைத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், 'நீ பம்பாயில் தொழில் பண்ணுகிறவன், வசனத்தின்படி செய்வதற்கு ஒரு உதாரணம் சொல்லு' என்று எழுதியிருக்கிறாய். இந்த வசனத்துக்கு நம் ஊரில் வழக்கமாக என்ன பேசுவார்கள் என்று உனக்கே தெரியும். கோபத்தை விடு, குடியை விடு, பங்காளியை மன்னி. எல்லாம் நல்லதுதான். ஆனால் கேட்கிறவன் வீட்டுக்குப் போய் எதைச் செய்வது, எந்தக் கிழமை செய்வது என்று தெரியாமலே எழுந்து போவான். எனக்குக் கிழமை போட்ட வசனங்கள்தான் பிடிக்கும். உபாகமம் 24ஐ எடுத்துப் பார். ஏழையான கூலிக்காரனுக்கு அவன் வேலை செய்த நாளில்தானே, பொழுது போகுமுன்னே கூலியைக் கொடுத்துவிட வேண்டும். லேவியராகமம் 19ஆம் அதிகாரமும் அதையேதான் சொல்கிறது: கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கக் கூடாது. நம் மனசு எப்படி இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மணி என்ன என்றுதான் கேட்கிறது.

இங்கே தோல் பை வேலையில் காரீகர்களுக்கு, அதாவது தைக்கிற தொழிலாளிகளுக்கு, பணம் கொடுக்கிற முறையைச் சொல்கிறேன். பெரும்பாலும் பீகார், உத்தரப்பிரதேசத்துப் பையன்கள். பட்டறையிலேயே படுத்து, பட்டறையிலேயே சமைத்து, உருப்படிக்கு இவ்வளவு என்று தைப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை கைச்செலவுக்கு ஒரு சின்னத் தொகை, அதற்குக் 'கர்ச்சி' என்று பெயர். மிச்சமெல்லாம் முதலாளியின் நோட்டில். ஈத் பண்டிகைக்கோ தங்கை கல்யாணத்துக்கோ ஊருக்குப் போகும்போதுதான் ஹிசாப், அதாவது கணக்குத் தீர்ப்பது. பையனின் பல மாதக் கூலி அதுவரை முதலாளியின் மூலதனமாக ஓடிக்கொண்டிருக்கும். இதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. 'பணம் கையில் இருந்தால் பையன் செலவழித்துவிடுவான், நான் காப்பாற்றி வைக்கிறேன்' என்பார்கள். அந்தப் பணத்துக்கு வட்டி உண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள்.

எங்கள் பட்டறையில் சனிக்கிழமை சாயங்காலம் ஹிசாப் முடிந்துவிடும். அன்றாடம் கொடுக்க முடியவில்லை, உருப்படி எண்ணி, தையல் பார்த்து முடிக்க வாரம் ஆகிறது, அதனால் வாரம். யாராவது ஊருக்கு அனுப்பவேண்டியதை என்னிடமே வைத்திருக்கச் சொன்னால், வங்கியில் கணக்குத் திறந்து கொடுத்துவிடுவேன். கேட்க ரொம்ப லேசாகத் தெரியும். இதில் கஷ்டம் எங்கே என்றால், எனக்கு வரவேண்டிய பணம் சனிக்கிழமை பார்த்து வருவதில்லை. சரக்கு எடுக்கிற வியாபாரி 60 நாள், 90 நாள் என்பான். சிறு தொழில்காரனுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், கொடுக்கிற வரை அந்தத் தொகையை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து ஒரு விதியும் வந்தது. எல்லாம் இருக்கிறது, ஆனால் வியாபாரியிடம் சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போகும். அதனால் நான் செய்வது இவ்வளவுதான்: அட்வான்ஸ் வந்ததும் முதலில் கூலியைப் பிரித்துத் தனிக் கணக்கில் போட்டுவிடுவது, அப்புறம் தோல், அப்புறம் வாடகை, கடைசியில் நான். கூலிக்கு வழியில்லாத ஆர்டரை எடுப்பதில்லை. போன தீபாவளிக்குக் கம்பெனிப் பரிசுப் பைக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது, அட்வான்ஸ் கிடையாது என்றார்கள், விட்டுவிட்டேன். மூத்தவன் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இது பழைய ஏற்பாட்டு நியாயப்பிரமாணம், நாம் கிருபையின் கீழ் இருக்கிறோம் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது எழுந்து நிற்பார். எப்போதும் ஒருவர் நிற்பார். அவருக்கு யாக்கோபு 5:4ஐக் காட்டு. நீங்கள் பேசப்போகிற அதே நிருபம்தான், பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று எழுதியிருக்கிறது. அதோடு மத்தேயு 20ஐயும் வாசிக்கச் சொல்லு. திராட்சத்தோட்டத்து உவமையை, கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்து முழுக் கூலி வாங்கிய பதினோராம் மணி வேளை ஆட்களுக்காகத்தான் எப்போதும் பிரசங்கிக்கிறார்கள். எஜமான் சாயங்காலத்தில் காரியக்காரனைக் கூப்பிட்டுக் கூலி கொடுக்கச் சொன்னான் என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. அவன் இஷ்டத்துக்குக் கூட்டிக் கொடுத்தான், ஆனால் நேரத்தில் அவனுக்கு இஷ்டம் என்று எதுவும் இல்லை, பொழுது சாய்ந்ததும் கொடுத்தான். இங்கே காலையில் நாக்காவில், அதாவது தெருச் சந்திப்பில், கொத்தனார், பெயிண்டர், சித்தாள் என்று கூட்டம் கூட்டமாக வேலைக்கு நிற்பார்கள். பத்து, பதினொரு மணிக்கு மேலும் அங்கேயே நிற்கிறவனைப் பார்த்தால், 'ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை' என்று அந்த ஆட்கள் சொன்னதற்கு வேறு விளக்கவுரை வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். மதுபனிப் பக்கத்துக் காரீகர் ஒருவர், என்னைவிட நாலைந்து வயது குறைந்தவர், ஏன் சனிக்கிழமையே கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். வேதத்தில் இப்படி இருக்கிறது என்றேன். வேலைக்காரனின் வியர்வை காய்வதற்கு முன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்று எங்கள் நபியும் சொல்லியிருக்கிறார் என்றார். பிறகு, 'நான் இதற்கு முன் வேலை பார்த்த இடத்துச் சேட் ஐந்து வேளையும் தொழுவார்' என்று சொல்லிவிட்டுத் தையலைப் பார்க்கப் போய்விட்டார். நான் நம் சபைப் பெரியவர்கள் சிலரை நினைத்துக்கொண்டேன்.

வீட்டிலும் இதே கதைதான். எங்கள் கட்டடத்தில் மே மாதம் எல்லோரும் ஊருக்குப் போகும்போது பாத்திரம் தேய்க்க வருகிற 'பாய்'க்கு, இங்கே வேலைக்கு வருகிற அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், சம்பளம் கிடையாது. என் மனைவி முழு மாதமும் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறுவாள். நீங்கள் ரேட்டைக் கெடுக்கிறீர்கள் என்று மூன்றாவது மாடி அம்மா வந்து சண்டை போட்டார். அவர் கெட்டவர் இல்லை, பாய்க்குப் பழைய புடவை, தீபாவளிக்குப் பலகாரம் எல்லாம் கொடுப்பவர்தான். ஆனால் நம் அம்மாமார் அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் கைப்பிடி அரிசி எடுத்துக் கோயிலுக்கு வைப்பார்களே, அது காணிக்கை. களை எடுக்க வந்தவளின் கூலியிலிருந்து அந்த அரிசியை எடுக்கவில்லை.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், மேடையில் வேண்டுமானால் விட்டுவிடு. நேரத்துக்குக் கொடுப்பது ஒன்று, போதுமான அளவு கொடுப்பது இன்னொன்று. எஜமான்களே, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்று கொலோசெயர் 4:1 இருக்கிறது. மாட்டுத்தோல் கிடைப்பது 2015க்குப் பிறகு இங்கே கடினமாகிவிட்டது, செயற்கைத் தோல் ரெக்சின் பை பாதி விலைக்கு வருகிறது, உருப்படிக்கு நான் கொடுக்கிற ரேட்டை இதற்கு மேல் ஏற்றினால் பட்டறை நிற்காது என்பது உண்மை. அந்த ரேட்டில் ஒரு மனுஷன் தாராவியில் ஒரு ரூம் எடுத்து மனைவி மக்களோடு இருக்க முடியாது என்பதும் உண்மை. உபாகமத்துக்கு என்னிடம் பதில் இருக்கிறது, கொலோசெயருக்கு இல்லை.

நீ சபையை நடத்துகிற சேகரக் கமிட்டியில் இருக்கிறாய் என்பதால் கேட்கிறேன். கோயிலைப் பெருக்கி மணி அடிக்கிற உங்கள் கோயில்குட்டிக்கும் பாலர் பள்ளி டீச்சருக்கும் மாதம் எந்தத் தேதியில் சம்பளம் போகிறது? பண்டிகை வரவு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று நிறுத்தி வைக்கிற வழக்கம் நம் சிறு வயதில் இருந்தது. இப்போதும் இருந்தால் உன் பேச்சை அங்கிருந்தே ஆரம்பி, ஒருவரும் தூங்க மாட்டார்கள். அடுத்த தேர்தலில் உனக்கு ஓட்டு விழாது, அது வேறு விஷயம்.

கல்யாணத்துக்கு நாகர்கோவில் வண்டியில் டிக்கெட் போட்டாயிற்று. திருநெல்வேலியில் இறங்கித் திருச்செந்தூர் பாசஞ்சரில் நாசரேத் வந்துவிடுவோம், ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். பந்தல், சமையல், பேண்டு செட்காரர்களுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியை ஒரு தாளில் எழுதி வை. அன்று சாயங்காலம் அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சம்பந்தி வீட்டாரைக் கவனி.

உன்,
தாஸ்