ஒப்பந்தம் கைமாறினால் பணிக்காலம் என்னாகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியாருக்குத் தரப்பட்டதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் அமர்ந்திருந்தார்கள். வேலையைக் கைமாற்றுவது அரசு அமைப்பு என்றால், அதனால் தொழிலாளி இழப்பதற்கும் அரசுதானே பொறுப்பு?

ஐரோப்பாவில் நிறுவனம் கைமாறினால் தொழிலாளியின் பணி ஒப்பந்தம் பழைய உரிமைகளோடு புதிய முதலாளியிடம் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 1977-ல் கொண்டுவந்த விதி இது. இப்போது 2001/23 என்ற எண்ணில் இருக்கிறது. அரசு அதை மீறினால் நட்டஈடும் கேட்கலாம். அதற்கு மூன்று நிபந்தனைகள்: விதி தொழிலாளிக்கு உரிமை தருவதாக இருக்க வேண்டும், மீறல் கடுமையானதாக இருக்க வேண்டும், இழப்பு அதனால் நேரடியாக வந்திருக்க வேண்டும். போர்ச்சுகலில் 1993-ல் ஒரு விமான நிறுவனத்தைக் கலைத்துவிட்டு, அதன் விமானங்களையும் சேவைகளில் சிலவற்றையும் தாய் நிறுவனமே எடுத்துக்கொண்டது. இது கைமாற்றம் அல்ல என்று 2009-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட, தொழிலாளர்கள் அரசின் மீதே வழக்குப் போட்டார்கள். அது கைமாற்றம்தான் என்றும், அந்தத் தீர்ப்பு ரத்தாகாவிட்டாலும் அரசிடம் நட்டஈடு கோரலாம் என்றும் 2015-ல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது.

நிறுவனம் கைமாறுவது பற்றி நம்மிடம் தொழில் தகராறு சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு இருந்தது. இப்போது தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின் 73-ஆம் பிரிவு. பணி அறுபடாமல், ஊதிய நிபந்தனைகள் குறையாமல், பழைய பணிக்காலத்தையும் புதிய முதலாளி ஏற்றால் இழப்பீடு கிடையாது. மூன்றில் ஒன்று தவறினாலும் ஒரு மாத நோட்டீஸும், ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும்.

கோளாறு நடைமுறையில்தான். 'ராஜினாமா எழுதிக் கொடுங்கள், புதிய ஆர்டர் தருகிறோம்' என்பார்கள். கையெழுத்துப் போட்டால் இந்த இழப்பீடும் போகும். மூன்று வருடம் உழைத்தவருக்குப் பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) ஐந்தாண்டுக் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து ஓடும். தயவுசெய்து யாரும் எழுதிக் கொடுக்காதீர்கள். முதலில் வேலைக்குச் சேர்ந்த தேதியைக் குறிப்பிட்ட கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்தப் பாதுகாப்பும் எட்டுவதில்லை. டெண்டர் முடிந்து வேறு ஒப்பந்ததாரர் வந்தால், 'நிறுவனம் எதுவும் கைமாறவில்லையே' என்று வாதிடுவார்கள். கைமாற்றம்தான் என்று நிரூபித்தாலும், வைப்பு நிதி (பி.எஃப்.) பாக்கியில் புதியவரின் பொறுப்பு அவர் பெற்ற சொத்தின் மதிப்போடு நின்றுவிடும். துப்புரவு வேலையில் துடைப்பத்தையும் தள்ளுவண்டியையும் தவிர என்ன சொத்து இருக்கிறது? ஆட்கள்தான் சொத்து. ஜெர்மனியில் பள்ளித் துப்புரவு ஒப்பந்தம் ஒன்று கைமாறிய வழக்கில், பழைய ஆட்களில் பெரும்பகுதியைப் புதியவர் எடுத்துக்கொண்டால் அதுவும் கைமாற்றமாகலாம் என்று 1997-லேயே ஐரோப்பிய நீதிமன்றம் ஏற்றது. பிரிட்டன் 2006-ல் ஒப்பந்ததாரர் மாறுவதையும் சட்டத்திற்குள் கொண்டுவந்தது.

மாநகராட்சி ஒவ்வொரு டெண்டரிலும் தொழிலாளியின் பெயர், சேர்ந்த தேதி, ஊதியம், விடுப்பு இருப்பு, வைப்பு நிதிக் கணக்கு எண் கொண்ட பட்டியலை இணைக்க வேண்டும். பழைய காலத்துக்கான பணிக்கொடையை விலைப்புள்ளியிலேயே சேர்க்க வேண்டும். பாக்கி இல்லை என்று சரிபார்க்கும் வரை பழைய ஒப்பந்ததாரர் கட்டிய பிணைத்தொகையை விடுவிக்கக் கூடாது. ஒப்பந்ததாரர் ஊதியம் தராவிட்டால், வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை முதலாளி தர வேண்டும் என்று ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. பணித்தொடர்ச்சி அறுந்தாலும் அதே முதன்மை முதலாளி ஈடு தர வேண்டும் என்று தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டும்.

தொழிலாளர் வழக்கறிஞர்கள்,
பாரிமுனை, சென்னை.