என்டர் தட்டும் முன் வந்த அந்த போனுக்கு நன்றி

சனிக்கிழமை இரவு அப்கிரேட் நடுவே என் கைத்தவறால் அமைப்பு ஃபைல் மாறிப்போய் சர்வர் பட்ட பாடு உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் என்னோடு விழித்திருந்தவர்கள்தான். அந்தக் கதையை மறுபடி சொல்லப் போவதில்லை. சர்வர் ஓடுகிறது, நானும் தூங்கி எழுந்துவிட்டேன். சூடு ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிடுகிறேன்.

முதலில் டேட்டாபேஸ் குழு அக்காவுக்கு. இது அவர் வேலையே இல்லை. என் புலம்பலைப் பார்த்துவிட்டு அவராகவே கூப்பிட்டார். "என்ன டைப் பண்ணி வெச்சிருக்க, வாசி" என்றார். வாசித்தேன்: பேக்கேஜை 'பர்ஜ்' செய்துவிட்டு, அதாவது அமைப்பு ஃபைல்களோடு அடியோடு நீக்கிவிட்டு, மறுபடி நிறுவும் கட்டளை.

"என்டர் தட்டிட்டியா?"

"இல்லக்கா."

"அப்போ கையை எடு."

டெபியன் லினக்ஸில் அப்கிரேட் நடுவே ஒரு கேள்வி வரும்: பழைய கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலே இருக்கட்டுமா, புதியதைப் போடவா? வெறும் என்டர் தட்டினால் பழையது இருக்கும். நான் அவசரக்குடுக்கை, 'ஒய்' தட்டியிருந்தேன். தட்டினாலும் பழையது போய்விடாதாம். பெயரின் வாலில் 'டிபிகேஜி-ஓல்ட்' என்று ஒட்டி அதே டைரக்டரியில் வைத்துவிடுமாம். மூன்று மணி நேரமாகத் தேடிய, என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளின் அமைப்பு என் மூக்குக்கு நேரே கிடந்தது! பர்ஜ் கொடுத்திருந்தால் அதுவும் போயிருக்கும். எப்போதோ 'பேக்' என்று வால் வைத்து அங்கேயே போட்டிருந்த அரதப்பழசான நகலையும் சேர்த்துத் துடைத்திருக்கும்.

போனை அவர் வைக்கவில்லை. "அப்படியே திருப்பிப் போடாத, டிஃப் எடு" என்றார். இரண்டு ஃபைலையும் வரி வரியாகப் பார்த்தோம். பழையதில், பாதுகாப்பான இணைப்பை இயக்கும் 'எஸ்எஸ்எல் ஆன்' என்று ஒரு வரி. அந்தக் கட்டளையை என்ஜின்எக்ஸ் 1.25.1-லேயே நீக்கிவிட்டார்கள், அது இருந்தால் புதிய வெர்ஷன் கிளம்பவே கிளம்பாது. அதை எடுத்துவிட்டு, 'லிசன் 443' வரியில் எஸ்எஸ்எல் சேர்த்து, சோதனைக் கட்டளை கொடுத்து, சரி என்று வந்த பிறகுதான் ரீஸ்டார்ட்.

இத்தனைக்கும் நடுவே "பேக்கப் எடுக்கலையா?" என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடைந்து போயிருப்பேன். கடைசியில் அவராகத்தான் சொன்னார்: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் முழு டம்ப் (தரவு நகல்) எடுத்தாலும் கான்ஃபிக் ஃபைல்கள் அதில் வராது, அது தெரியாமல் அவரும் ஒரு இரவு அழுதிருக்கிறாராம்.

பராமரிப்புப் பக்கத்தை ஏற்றியவர், பயனர்களின் கோபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டவர்கள், ஒன்றும் சொல்லாமல் கூடவே விழித்திருந்தவர்கள், எல்லோருக்கும் நன்றி.

கான்ஃபிக் ஃபைல்கள் இருக்கும் ஈடிசி டைரக்டரி முழுவதையும் இன்று காலை 'ஈடிசி கீப்பர்' என்ற கருவி வழியாக, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் போட்டுவிட்டேன்; இனி ஒவ்வொரு அப்கிரேடுக்கு முன்னும் பின்னும் அதுவே பதிந்துகொள்ளும். ஒரு நகல் வேறு மெஷினிலும் இருக்கிறது.

அக்கா, அடுத்த மாதம் உங்கள் போஸ்ட்கிரெஸ் அப்கிரேட். எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கள், முதல் மணியிலேயே எடுப்பேன்.