வீடியோ காலிங் பெல்: மின்னழுத்தம் அறிந்து பொருத்துக

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வாசலில் நிற்பவரைக் கைப்பேசியில் காட்டும் வீடியோ காலிங் பெல்களை இப்போது பலரும் வாங்குகிறார்கள். அவற்றுள் ஒயரில் இயங்கும் வகையை வீட்டிலுள்ள பழைய மணியோடு இணைப்பதில் பெரும் ஆபத்து இருக்கிறது.

நம் வீடுகளில் பெரும்பாலான மணிகள் 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாக இயங்குபவை. வாசல் சுவிட்சுக்கும் அதே மின்சாரம்தான் வருகிறது. அமெரிக்க வீடுகளின் அமைப்புக்கேற்ப வடிவமைக்கப்பட்ட கருவிகளுக்கோ, வீட்டுக்குள் பொருத்தும் சிறு டிரான்ஸ்பார்மர் வழியாகக் குறைக்கப்பட்ட 16 முதல் 24 வோல்ட் மாறுமின்சாரமே (ஏ.சி.) தேவை. பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே ஒயர்களில் இக்கருவியை மாட்டினால், அது கருகிப்போவதோடு தொடுபவருக்கு மின்னதிர்ச்சியும் ஏற்படலாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பொருத்த வந்தவரே இப்படி இணைத்துவிட, கருவியின் பின்பக்கம் உருகிச் சுவரில் ஒட்டிக்கொண்டது.

டிரான்ஸ்பார்மரை மட்டும் வைத்தாலும் போதாது. 230 வோல்ட்டுக்கான பழைய மணி 24 வோல்ட்டில் ஒலிக்காது. அதற்கேற்ற குறைந்த மின்னழுத்த மணியும் வேண்டும். டிரான்ஸ்பார்மரின் திறன் குறைவாக இருந்தால், பொத்தானை அழுத்தும்போது கேமரா அணைந்து அணைந்து எரியும். மணி ஓயாமல் ரீங்கரிக்கவும் கூடும். வாடகை வீட்டில் இருப்போருக்கு, பழைய மணியைத் தொடாமல், பேட்டரியில் இயங்கும் கருவியையும் பிளக்கில் செருகும் தனி மணியையும் வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

தேவையான மின்னழுத்தத்தைப் பெட்டியின் மேல் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடுமாறு விற்பனையாளர்களை அரசு கட்டாயப்படுத்த வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகே ஒயரில் கை வைக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி.